சொந்த சர்வரில் விளையாட மாதம் எவ்வளவு ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

கூட்டாக விளையாடும் கணினி விளையாட்டுகளுக்கு விளையாடுகிறவர்களே சொந்தமாக சர்வர் (எல்லாரும் வந்து இணையும் பொதுக் கணினி) நடத்தலாம் என்று சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செலவைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். டாலர் விலைகளை, ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். பணம் கட்டுமுன் அன்றைய விலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் பத்துப் பேர் மைன்கிராஃப்ட் விளையாடுகிறோம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியை சர்வராக்கினால் செலவே இல்லை என்கிறான் ஒருவன். வாடகைக்கு எடுப்பதுதான் மலிவு என்கிறான் இன்னொருவன். எது சரி?
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

பதில்: கணினி சும்மா கிடக்கலாம், ஆனால் சும்மா ஓடாது. சர்வர் மென்பொருளை, மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் இலவசமாகவே தருவதால், வீட்டில் நடத்தும்போது உங்களுக்கு வரும் முதல் செலவு மின்சாரம். திரையை அணைத்துவிட்ட பழைய மேசைக் கணினி ஒன்று 60 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 86 யூனிட். இந்த 86 யூனிட்டின் விலை, உங்கள் வீட்டில் ஏற்கெனவே எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைப் பொறுத்து இரண்டு மடங்குக்கு மேல்கூட மாறும்.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன்பின் விகிதங்கள் சற்று உயர்ந்துள்ளன. அந்தக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கும் வீடு 450 ரூபாய் கட்டும். சர்வரும் சேர்ந்து 336 யூனிட் ஆனால் 837 ரூபாய். கூடுதல் 387 ரூபாய்தான். அதே கணினி, 430 யூனிட் செலவழிக்கும் வீட்டில் ஓடினால் மொத்தம் 516 யூனிட்டாகி, 500 என்ற எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.25 ரூபாய் என்ற சலுகை விலை போய், அவற்றுக்கும் 4.50 ரூபாய் விழும். 500க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8 ரூபாய். இதனால் 1,305 ரூபாயாக இருந்த கட்டணம் 2,078 ரூபாயாகிறது. கூடுதல் 773 ரூபாய். வீட்டு மின்கட்டண அட்டையை அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் இயக்கினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் வரும். 500 என்ற எல்லையை ஒட்டி நிற்காத எந்த வீட்டுக்கும் அது பெரிய சுமையாகாது. பழைய மடிக்கணினி இருந்தால் இன்னும் நல்லது. அது இதில் பாதி மின்சாரம்கூட எடுக்காது, மின்சாரம் போனாலும் பேட்டரியில் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும்.

மின்சாரத்தைக் காட்டிலும் நான் அஞ்சுவது இடியை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடையில் கோடை இடியும் உண்டு. இணையம் செம்புக் கம்பித் தொலைபேசி வழியாக வந்துகொண்டிருந்த நாளில், ஓர் ஐப்பசி மாலை இடியில் என் வீட்டு மோடமும், அதனுடன் கேபிளால் இணைந்திருந்த கணினியின் மதர்போர்டும் ஒன்றாகப் போயின. நான் சுவிட்சை அணைத்திருந்தேன், கேபிளைப் பிடுங்கியிருக்கவில்லை. நானும் தம்பியும் விளையாட்டுக்குள் ஓராண்டாகக் கட்டிய உலகம் பிழைத்தது, அது வேறொரு வட்டில் நகலாக இருந்ததால்தான். இப்போது வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை வழியே மின்னல் பாயாது. ஆனால் மின்கம்பி வழியே பாயும். வீட்டில் சர்வர் வைப்பவர் ஒரு யுபிஎஸ் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. யுபிஎஸ் மின்தடைக்குத்தான் உதவும். இடி வெட்டும் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

இனி வாடகை. எடுத்துக்காட்டாக, பெங்களூரில் தரவு மையம் வைத்திருக்கும் டிஜிட்டல்ஓஷனில் 4 ஜிபி நினைவகமுள்ள சாதாரண சர்வருக்கு மாதம் 24 டாலர், அதாவது 2,160 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து ஏறத்தாழ 2,549 ரூபாய். பத்துப் பேருக்கு, மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்) எதுவும் சேர்க்காத விளையாட்டுக்கு இந்த 4 ஜிபி போதும். பெரிய மாட் தொகுப்பு வேண்டுமென்றால் 8 ஜிபி. விலையும் இரண்டு மடங்கு, 48 டாலர்.

ஆனால் பத்து மாணவர்கள் மாதத்தின் 720 மணி நேரமும் விளையாடப் போவதில்லை. வார நாட்களில் இரண்டு மணி நேரம், விடுமுறை நாட்களில் ஆறு மணி நேரம் என்றால் மாதத்துக்குச் சுமார் 92 மணி நேரம்தான். அந்த 4 ஜிபி சர்வரின் வாடகை மணிக்கு 3.6 சென்ட், 92 மணி நேரத்துக்கு 3.30 டாலர் அளவுதான் ஆகும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: அந்த நிறுவனத்தில் சர்வரை வெறுமனே அணைத்து வைத்தால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். விளையாடி முடித்ததும் முழுச் சர்வரையும் ஸ்னாப்ஷாட் எடுத்துச் சேமித்துவிட்டு, சர்வரை அழித்துவிட வேண்டும். மறுநாள் ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீண்டும் எழுப்ப வேண்டும். சேமிப்புக்கு ஜிபிக்கு மாதம் 6 சென்ட். 20 ஜிபி என்றால் 1.20 டாலர். எல்லாம் சேர்ந்து வரியுடன் 480 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தலைக்கு 48 ரூபாய். அழிப்பதையும் எழுப்புவதையும் தானாகச் செய்ய ஒரு சிறு நிரல் எழுதுவது பொறியியல் மாணவருக்குக் கடினமான வேலை இல்லை.

இவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை, மாட்களும் வேண்டாம் என்றால் மொஜாங் நிறுவனத்தின் ரியல்ம்ஸ் சந்தா இருக்கிறது; சர்வரை அவர்களே நடத்தித் தருவார்கள். அமெரிக்க விலைப்படி மாதம் 7.99 டாலர், சுமார் 720 ரூபாய். உரிமையாளருடன் சேர்த்து 11 பேர் ஒரே நேரத்தில் விளையாடலாம்.

வாடகைக்கு எடுக்குமுன் இன்னொன்றைக் கவனியுங்கள். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் 50 மில்லி நொடிதான் அவகாசம். அந்த வேலையின் பெரும்பகுதி பிராசசரின் ஒரே ஒரு கோர் (தனியாகக் கணக்கிடும் பகுதி) மீது விழுவதால், 16 கோர் என்ற விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணத்தால் உங்களுக்குப் பயன் குறைவு. வேகமான இரண்டு கோர் போதும். சர்வர் திணறினால் உடனே பெரிய திட்டத்துக்கு மாறிவிடாமல், பார்வைத் தூரம் என்ற அமைப்பை 10லிருந்து 6 அல்லது 7க்குக் குறைத்துப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதுமானதாக இருந்துவிடும்.

கேள்வி: வீட்டில் சர்வர் அமைத்தேன். என் வீட்டு வைஃபையில் நன்றாக வேலை செய்கிறது. திருநெல்வேலி விடுதியில் இருக்கும் நண்பர்களால் நுழைய முடியவில்லை. ரவுட்டரில் போர்ட்டையும் திறந்துவிட்டேன். தவறு எங்கே?
– கருங்கல் வாசகர்

பதில்: தவறு பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. பொது ஐபி முகவரிகள் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) பற்றாக்குறையாக இருப்பதால், பல இணைய நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை நிறுத்துகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தெருமுகவரி ஒன்றாக இருந்து, வீட்டு எண்ணை வெளியே எவருக்கும் சொல்லாமல் விட்டால் தபால் எப்படி வந்து சேராதோ, அப்படித்தான் நண்பர்களின் இணைப்பும் உங்கள் கணினிக்கு வந்து சேராமல் நிற்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் அந்த வரிசையில்தான் இருக்கிறீர்கள். அப்படியானால் மைன்கிராஃப்ட் பயன்படுத்தும் 25565 என்ற போர்ட்டை (இணைப்பு உள்ளே வரும் வாசலை) எத்தனை முறை திறந்தாலும் பயனில்லை.

வழிகள் மூன்று. நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதையும் மாதச் செலவில் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் செலவில்லாமல் அதன் வழியே இணையலாம். அதுவும் இல்லையென்றால் டெயில்ஸ்கேல் அல்லது பிளேஇட் போன்ற சேவைகள், சிறு குழுக்களுக்கு இலவசமாகவே ஒரு சுரங்கப்பாதை அமைத்துத் தருகின்றன. நான் இந்த மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன். வீட்டு இணைப்பின் ஐபி முகவரி வெளியே தெரியாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. தோற்ற கோபத்தில் எவராவது அந்த முகவரிக்கு வெள்ளமாய்த் தரவை அனுப்பினால் வீட்டில் எல்லாருடைய இணையமும் முடங்கும். எந்த வழியானாலும், அனுமதிக்கப்பட்டவர் பட்டியலை இயக்கிவிட்டு, தெரிந்தவர்களின் பெயர்களை மட்டும் அதில் சேருங்கள்.

கேள்வி: என் அண்ணன்மார் இருவர் துபாயில் வேலை செய்கிறார்கள். ஊரில் நானும் சித்தப்பா மகன்கள் மூவரும் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவுகளில் எல்லாரும் சேர்ந்து வால்ஹெய்ம் விளையாட ஆசை. சர்வரை எந்த ஊரில் வைத்தால் எல்லாருக்கும் நன்றாக ஓடும்?
– குளச்சல் வாசகர்

பதில்: மும்பையில் வையுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது; ஆகவே தொலைவில் 100 கிலோமீட்டர் கூடும்போது, போய்வரும் நேரத்தில் குறைந்தது ஒரு மில்லி நொடி கூடும். குளச்சலிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், மும்பையிலிருந்து துபாய் ஏறத்தாழ 1,900. இரண்டு பக்கமும் ஓரளவு சமமாகத் தாங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று சிங்கப்பூரில் எடுத்தால் உங்களுக்கு 3,000 கிலோமீட்டர். அண்ணன்மாருக்கோ 5,800 கிலோமீட்டருக்கு மேல். உண்மையான கேபிள் வழி வளைந்து செல்வதால் பிங் (தரவு போய்வரும் நேரம்) இந்தக் குறைந்த அளவைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். ஐரோப்பாவில் மிக மலிவான சர்வர்கள் உண்டு. உங்களுக்கு அவை வேண்டாம்.

வால்ஹெய்முக்கான சர்வர் மென்பொருள் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் இலவசம். பத்துப் பேர் வரை அனுமதிக்கும். நீங்கள் ஆறு பேர். அமேசானின் மும்பை மையத்தில் எடுப்பதானால், நிறுத்தி வைத்திருக்கும் நேரத்துக்குச் சர்வர் வாடகை இல்லை, வட்டுக்கான சிறு தொகை மட்டும் ஓடும். வாரம் ஓர் இரவு விளையாடுகிறவர்களுக்கு அது பொருத்தம். ஆனால் விலைப்பட்டியலின் முதல் வரியில் தெரியாத இரண்டு செலவுகள் அங்கே உண்டு. பொது ஐபி முகவரிக்கு 2024 பிப்ரவரி முதல் மணிக்கு அரை சென்ட். மாதம் முழுவதும் வைத்திருந்தால் 3.60 டாலர். வெளியே செல்லும் தரவுக்கு, மாதத்தின் முதல் 100 ஜிபிக்குப் பிறகு ஜிபிக்கு சுமார் 11 சென்ட். ஒருவருக்கு நொடிக்கு 50 கிலோபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு பேர் ஓர் இரவில் ஐந்து மணி நேரம் விளையாடினால் 5.4 ஜிபி, மாதத்துக்கு 22 ஜிபி அளவில் நின்றுவிடும். ஆகவே உங்களுக்குத் தரவுச் செலவு வராது. இதே கணக்கைப் பத்துப் பேர் தினமும் நான்கு மணி நேரம் என்று போட்டால் 216 ஜிபி ஆகி, அதற்கு மட்டும் 12 டாலருக்கு மேல் விழும்.

அமீரகத்தில் இணையக் குரல் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், விளையாடும்போது பேசிக்கொள்வதற்கான ஏற்பாட்டை அண்ணன்மாரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, பிளஸ் டூ படிக்கும் என் மகன், விளையாட்டு சர்வருக்கு மாதம் 720 ரூபாய் வேண்டும் என்று கேட்கிறான். என் வங்கி அட்டையையும் கேட்கிறான். இது சூதாட்டமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– தக்கலைத் தாய் ஒருவர்

பதில்: அம்மா, தொகையைப் பார்த்தால் அது நான் மேலே சொன்ன ரியல்ம்ஸ் சந்தாவாக இருக்கலாம்; அப்படியானால் அதில் சூது இல்லை. கட்டும் தொகை மாதாமாதம் ஒன்றே. வென்றால் பணம் வராது, தோற்றால் பணம் போகாது. கேபிள் டிவிக்குக் கட்டுவது போன்றது. மகனிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அட்டை எண்ணை அவன் கையில் கொடுக்க வேண்டாம். நீங்களே உடனிருந்து செலுத்துங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள்.

முகம் தெரியாத ஆயிரம் பேர் உலாவும் பொதுச் சர்வரைவிட, அவனுடைய வகுப்புத் தோழர்கள் மட்டும் வரும் சர்வர் எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். யார் உள்ளே வரலாம் என்பதை அவன் தீர்மானிக்கலாம். இரவு பத்து மணிக்கு மூட வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். பொதுத்தேர்வு நெருங்கும்போது, அவர்கள் கட்டிய உலகத்தைக் கணினியில் பதிவிறக்கி வைத்துவிட்டுச் சந்தாவை நிறுத்திக்கொள்ளலாம். தேர்வு முடிந்ததும் அதே உலகத்தை மீண்டும் ஏற்றலாம், எதுவும் அழியாது. அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள், மறுப்பு குறையும்.

கேள்வி: பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். எட்டுக் கணினிகளில் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட வருகிறார்கள். தனி சர்வர் வாங்க வேண்டுமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: வேண்டாம். ஒரே கடைக்குள் விளையாடுவதற்கு இணையம் வழியே போய்வர வேண்டிய தேவை இல்லை. சர்வர் மென்பொருள் இலவசம். உங்கள் கணினிகளில் ஒன்றிலேயே அதை ஓட்டி, மற்றவற்றை ஸ்விட்ச் வழியே கேபிளால் இணைத்துவிடுங்கள், வைஃபை வேண்டாம். கடைக்கு வணிக மின்கட்டணம் என்பதால், ஆள் இல்லாத நேரத்தில் அணைத்து வைப்பது ஒன்றுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய செலவு. கடைகளில் விளையாட்டை வழங்குவதற்கென்று, கவுண்டர் ஸ்ட்ரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தனித் திட்டம் வைத்திருக்கிறது. முறையாக அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பிஜிஎம்ஐ விளையாட்டுக்குச் சொந்த சர்வர் அமைக்க எவ்வளவு ஆகும்?
– குலசேகரம் வாசகர்

பதில்: அமைக்க முடியாது. அதன் சர்வர் மென்பொருளை நிறுவனம் வெளியே தருவதில்லை. சொந்த சர்வர் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2022 ஜூலையில் அது ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வரும்வரை எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் அதை விளையாட முடியவில்லை. சர்வர் மென்பொருள் விளையாடுகிறவர் கையில் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. விளையாட்டை வாங்குமுன் அதற்குச் சொந்த சர்வர் வசதி உண்டா என்று பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருப்பது இதனால்தான்.

கேள்வி: எங்கள் சர்வரில் 14 பேர் விளையாடுகிறோம், மூவர் மட்டுமே பணம் தருகிறோம். சர்வர் கணக்கைத் தன் பெயரில் வைத்திருக்கும் அண்ணன் அடுத்த மாதம் வேலைக்காக வெளிநாடு போகிறார். நுழைவுக் கட்டணம் வாங்கிப் போட்டி நடத்திச் செலவை ஈடுகட்டலாமா?
– ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: போட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டி விளையாடி, வென்றால் பணம் என்ற முறையை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆடுபவருக்குக் கூடுதல் வலிமை தரும் வாள், கவசம் போன்றவற்றை விற்பதையும் மைன்கிராஃப்டின் விதிகள் அனுமதிப்பதில்லை. தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருள்களை விற்கலாம், எல்லாருக்கும் ஒரே அளவாக நுழைவுத் தொகையும் வாங்கலாம். ஆனால் தெரிந்த 14 பேருக்குள் கடை விரிப்பதைவிடச் செலவைப் பகிர்ந்துகொள்வதே மரியாதையாக இருக்கும்.

நான் மேலே சொன்ன 4 ஜிபி சர்வரைப் போல மாதம் 2,549 ரூபாய் என்றால் தலைக்கு 182 ரூபாய். மூவர் மட்டும் கட்டும்போது அது 850 ரூபாய் ஆகிறது. தராதவர்கள் கருமிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை; எவ்வளவு ஆகிறது என்று அவர்களுக்கு எவரும் சொல்லாமலே இருந்திருக்கலாம். நம் ஊரில் சீட்டுப் பிடிப்பவர் நோட்டில் எழுதி வைத்து எல்லாருக்கும் காட்டுவதைப் போல, ரசீதின் படத்தை மாதாமாதம் குழுவில் போடுங்கள். மாதா மாதம் கேட்டு அலைவதைவிட மூன்று மாதத் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்வது எளிது. வேலையில்லாத ஒருவர் தர இயலாமல் இருந்தால் நகல் எடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அந்த உழைப்பும் செலவுக்கு ஈடுதான்.

எனக்குப் பெரிய கவலை அண்ணன் கிளம்புவதைப் பற்றியே. இப்படிப்பட்ட சர்வர்கள் அழிவதை நான் பார்த்திருக்கிறேன். பணம் இல்லாமல் அழிந்தவை குறைவு, கணக்கு ஒருவர் பெயரிலேயே இருந்ததால் அழிந்தவையே அதிகம். 2021 அக்டோபர் முதல், அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி முன்கூட்டியே ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் போகாமல் நின்றுவிடும். அண்ணன் புதிய ஊரில் புதிய எண்ணுடன் இருப்பார். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் பழைய பெட்டியில் தேங்கும். குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு நிறுவனம் சர்வரை அழித்துவிடும். அதன் பிறகு எவ்வளவு பணம் கட்டினாலும் அந்த உலகம் திரும்பாது.

ஆகவே அவர் விமானம் ஏறுமுன் கணக்கின் மின்னஞ்சலைக் குழுவுக்கான பொது மின்னஞ்சலாக மாற்றுங்கள். கடவுச்சொல் இருவரிடமாவது இருக்கட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அவருடைய பழைய கைபேசி எண்ணுக்குப் போகிறதா என்று பாருங்கள், போனால் அதையும் மாற்றுங்கள். உலகக் கோப்புறை பெரும்பாலும் சில ஜிபிதான் இருக்கும். அதை வாரம் ஒருமுறை, வெவ்வேறு வீடுகளில் இருக்கும் இரண்டு வட்டுகளில் நகலெடுங்கள்; நகல் எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை அதிலிருந்து உலகத்தைத் திறந்து பார்க்கவும் வேண்டும். முதல் நகலை இந்த வாரமே எடுத்துவிட்டு, மற்ற 11 பேருக்கும் செலவுக் கணக்கை அனுப்புங்கள்.